கோடிகளை வகுத்துப் பார்ப்போம்

நண்பர்களே, வணக்கம்.

2023 மார்ச் 20. தமிழகச் சட்டமன்றத்தில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பட்ஜெட் வாசிக்கிறார். தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை, செப்டம்பர் 15 அன்று தொடக்கம், அதற்கு ஒதுக்கீடு 7,000 கோடி. உடனே எல்லாரும் 'தகுதி' என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது? விவாத மேடைகளில் இதே பேச்சு.

விடை அந்த 7,000 கோடியிலேயே இருந்தது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஏழு மாதம். ஏழால் வகுத்தால் மாதத்துக்கு 1,000 கோடி. தலைக்கு 1,000 ரூபாய் என்றால் ஒரு கோடிப் பேர். அவ்வளவுதான் கணக்கு. மாநிலத்தில் குடும்ப அட்டைகளோ இரண்டு கோடிக்கும் மேல். பாதிக் குடும்பங்களுக்குக் கிடைக்காது என்பது அன்று காலையிலேயே அச்சாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து முதலமைச்சரும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் என்றுதான் சொன்னார்.

விதிகள் பின்னால் வந்தன. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் என்றால் ஐந்து ஏக்கர், புன்செய் என்றால் பத்து ஏக்கர், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 63 லட்சம். தொடக்கத்தில் தேர்வானவர்கள் 1 கோடியே 6 லட்சம். விதியைப் பார்த்துத் தொகையை வைத்தார்களா, தொகையைப் பார்த்து விதியை வைத்தார்களா? எனக்கு இரண்டாவது என்றுதான் படுகிறது. அதில் குற்றமில்லை, எந்த அரசும் கையில் இருப்பதைப் பார்த்துத்தான் பந்தி விரிக்கும். ஆனால் யாருக்குக் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள அரசாணை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு, 2024-25இல், 13,720 கோடி. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 12,000 என்று வகுத்தால் 1 கோடியே 14 லட்சம் பேர். 2025-26இல் 13,807 கோடி. கூடியது 87 கோடி. கேட்க நிறைய மாதிரி இருக்கிறது. எழுபதாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் அது ஓராண்டுத் தொகை. அதற்குமேல் ஆள் சேர்த்தால் துணை மதிப்பீடு, அதாவது கூடுதல் செலவுக்கான கோரிக்கை, கொண்டுவந்து மறுபடி சட்டமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். அரசியல் சட்டத்தின் 205ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.

எல்லாத் திட்டத்தையும் இப்படி வகுத்துவிட முடியாது. பெண்கள் நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போகும் மகளிர் விடியல் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-24இல் 2,800 கோடி, அடுத்து 3,050 கோடி, அப்புறம் 3,600 கோடி. அங்கே தகுதி விதி கிடையாது, விண்ணப்பம் கிடையாது. நகரப் பேருந்தில் ஏறுகிற பெண்தான் பயனாளி. எத்தனை பேர் ஏறினார்களோ அதற்கேற்ப அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குப் பணம் தர வேண்டும். உரிமைத் தொகையில் பணம் ஆளைத் தீர்மானிக்கிறது. பேருந்தில் ஆள் பணத்தைத் தீர்மானிக்கிறது. நிதித்துறை அதிகாரிகளுக்கு முதல் வகைதான் பிடிக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், அதில் யாரும் யாரிடமும் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை.

காலை உணவுத் திட்டம் 2023-24இல் 18 லட்சம் குழந்தைகளுக்கு 500 கோடி. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 2,800 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பள்ளி நாட்களால் வகுத்தால் ஒரு வேளைக்குப் பதிமூன்று ரூபாய் சுமாருக்கு வரும். விலைவாசி ஏறும்போது இந்தப் பதிமூன்று ஏறுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

கலைஞரின் கனவு இல்லத் திட்டத்துக்குக் கொஞ்சம் அதிக நேரம் தருகிறேன். 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் என்று 2024 பிப்ரவரியில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். அந்த ஆண்டு ஒரு லட்சம் வீடுகள். அடுத்த ஆண்டும் ஒரு லட்சம், 3,500 கோடி. 2024-25இலிருந்து 2029-30வரை ஆறு நிதியாண்டுகள். ஆண்டுக்கு ஒரு லட்சம் என்றால் ஆறு லட்சம்தானே வரும்? எட்டு எங்கே? மீதி நான்கு ஆண்டில் ஆறு லட்சம் கட்ட வேண்டும் என்றால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீடுகள். சிமெண்ட், கம்பி விலை ஒரு பைசா ஏறாவிட்டாலும் ஆண்டுக்கு 5,250 கோடி வேண்டும். இனி யார் நிதியமைச்சராக வந்தாலும் வீட்டு வசதிக்கான தொகையில் 3,500 என்று இருக்கிறதா, 5,250 என்று இருக்கிறதா என்று பாருங்கள். மேடைப் பேச்சைவிட அந்த ஒரு எண் அதிகம் சொல்லும்.

சரி, ஒதுக்கிய பணம் செலவானதா? பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு செலவு இனத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. தலைப்புச் செய்தியில் வருவது கடைசி எண் மட்டும். நான் முதலில் பார்ப்பது மூன்றாவதை.

2025 மார்ச்சில் வந்த பட்ஜெட்டில், 2024-25க்கான வருவாய்ப் பற்றாக்குறை (வருவாய் வரவைவிட வருவாய்ச் செலவு கூடுதலாக இருக்கும் தொகை) 49,279 கோடியிலிருந்து 46,467 கோடியாகக் குறைந்தது என்று இருந்தது. நல்ல செய்தி போலத்தான் தோன்றும். ஆனால் அதே ஆண்டில் வருவாய் வரவு 2,99,010 கோடி என்று எதிர்பார்த்து, 2,93,906 கோடியாகத் திருத்தியிருந்தார்கள். வரவே ஐயாயிரம் கோடி குறைந்திருக்கும்போது பற்றாக்குறை எப்படிக் குறையும்? செலவு அதைவிட அதிகமாகக் குறைந்தால்தான். ஏறத்தாழ 7,900 கோடி குறைந்திருக்கிறது.

அந்தக் குறைப்பில் எது சிக்கனம், எது செய்யாமல் விட்ட வேலை என்று பட்ஜெட் உரை பிரித்துச் சொல்லாது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மானியக் கோரிக்கைப் புத்தகங்களில், அதாவது துறைவாரியாகச் சட்டமன்றத்திடம் பணம் கேட்கும் புத்தகங்களில், தேட வேண்டும். எல்லாம் நிதித்துறை இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பள்ளிக்கல்வி 43ஆவது கோரிக்கை, மக்கள் நல்வாழ்வு 19ஆவது. இரண்டில் ஒன்றை யாராவது எடுத்துப் படித்து வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசலாம்.