உழுகிறவர் பெயரைச் சொல்லுங்கள்

வணக்கம். பாபநாசம் பக்கம் ஆறு மா நிலத்தில், அதாவது 2 ஏக்கரில், சாகுபடி செய்கிறேன். சம்பா, அது முடிகிற நேரத்தில் உளுந்து. இன்று பேச வந்தது வேளாண் கணக்கெடுப்பைப் பற்றி.

1970-71இலிருந்து பொதுவாக ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை இதை எடுக்கிறார்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது இதில் முக்கியமில்லை. யார் சாகுபடி செய்கிறார், என்ன போடலாம் என்று யார் முடிவெடுக்கிறார், அதுதான் கணக்கு.

2015-16 கணக்குக்காக எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். நாற்றங்காலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்றார். என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், பல வருஷமாக. விதை வாங்குவது நான். நடவுக்கு ஆள் சொல்வது நான். சொசைட்டியில் உரத்துக்கு நிற்பது நான். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவலாக இரண்டு ராத்திரி படுத்திருந்ததும் நான்தான். பட்டா மட்டும் இறந்துபோன மாமனார் பெயரில். "சரி, உங்க வீட்டுக்காரர் பேரைப் போட்டுக்கிறேன்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

அந்தக் கணக்கில், நாடு முழுக்கச் சாகுபடியாளர் என்று பதிவான 100 பேரில் பெண்கள் 14 பேர்தான். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தெருவில் மட்டும் எத்தனை பெண்கள் தனியாக வயலைப் பார்க்கிறார்கள்! அந்த 14இல் நான் இல்லை. 2021-22 கணக்குக்குக் கேட்டபோது, "சாகுபடி பண்றது நான், என் பேரைப் போடுங்க" என்றேன். போட்டார்கள்.

குத்தகைக்கு உழுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். நம் பக்கம் குத்தகை எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்து கிடையாது. நிலத்துக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று அவர் பெயரையே சொல்லிவிடுகிறார்கள். இது பட்டா மாற்றுகிற பதிவு இல்லை, அண்ணே. உழுகிறவர் பெயரைச் சொல்லுங்கள்.

அப்புறம், துண்டு துண்டாகக் கிடக்கிற நிலம். ஆற்றங்கரையில் 2 மா, கோயில் பக்கம் 4 மா என்றால் இரண்டையும் சொல்லுங்கள். ஒருவர் பார்க்கிற நிலம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு கைப்பற்று. ஒரு மாவுக்கு 33 சென்ட் என்று முன்கூட்டியே கூட்டி வையுங்கள், ஏனென்றால் அவர்கள் எழுதுவது ஹெக்டேரில். இரண்டரை ஏக்கருக்கு உள்ளே இருந்தால் குறு விவசாயி, அதற்கு மேல் ஐந்து வரை சிறு விவசாயி. வருஷம் என்று அவர்கள் கேட்பது ஜூலையிலிருந்து ஜூன் வரை, நம் பசலி ஆண்டு மாதிரி.

உரம், விதை, கடன் பற்றித் தனியாக ஒரு கணக்கெடுப்பு உண்டு. தேர்ந்தெடுத்த ஊர்களில் மட்டும் வருவார்கள். அதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். உரம் வாங்கிய ரசீதை மட்டும் எடுத்து வையுங்கள். வணக்கம்.