பாண்டியன் கோட்டைவிட்ட கேள்வி: நான்கு விடைகளில் வாதத்தை உடைப்பது எது?

சிலப்பதிகாரத்தில், மதுரையில் ஒரு தீர்ப்பு. அதனால் கோவலன் உயிர் போனது, அரசன் உயிர் போனது, கடைசியில் ஊரே எரிந்தது. அதே வழக்கைத் தேர்வுத்தாளில் கொடுத்தால் சரியான விடையைக் குறித்துவிடுவீர்களா?

வணக்கம். சட்டப் படிப்புக்கான கிளாட், மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் இரண்டிலும் "எது இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது?" என்று கேட்பார்கள். கிளாட்டில் தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் குறையும். பாண்டியன் கொடுத்த விலையோடு பார்த்தால் மலிவுதான். பின்னணி போதும், அவைக்குப் போவோம்.

(திரையில்: ஒற்றைச் சிலம்பு)

அரசியின் சிலம்பைக் காணவில்லை. புகாரிலிருந்து வந்த கோவலன் அதேபோன்ற சிலம்பை விற்க வந்தான். ஆகவே அவன் கள்வன். இதில் பாண்டியன் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று ஒளிந்திருக்கிறது: பார்க்க ஒன்றுபோல இருந்தால் அது அரசியுடையதுதான். அடி விழவேண்டியது அங்கேதான்.

(திரையில்: நான்கு விடைகள்)

அ. கோவலன் பெருவணிகர் குடியில் பிறந்தவன்.
ஆ. இந்த வேலைப்பாடுள்ள சிலம்பு மதுரையில் வேறு யாரிடமும் இல்லை.
இ. அரசியின் சிலம்புக்குள் இருப்பது முத்துப் பரல் (ஒலிக்கும் மணி). கோவலன் கொண்டுவந்ததில் மாணிக்கப் பரல்.
ஈ. அரசன் கோவலனை விசாரிக்கவே இல்லை.

'ஆ' அரசன் பக்கம் பேசுகிறது. அவசரத்தில் பலர் விழுவது இதில்தான். 'ஈ'யைப் படித்தால் எனக்கே இரத்தம் கொதிக்கிறது. ஆனால் விசாரணை முறையற்றது என்பதால் சிலம்பு யாருடையது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது. கோபத்துக்கு மதிப்பெண் இல்லை.

'அ'? இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த இடம். கண்ணகியும் குலப்பெருமையில்தான் தொடங்கினாள். புறாவுக்காகத் தன்னையே தந்த சோழன், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன், அவர்கள் ஊர்க்காரி நான் என்றாள். பாண்டியன் அசைந்தானா? கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அடுத்துத்தான், என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எங்களுடையது முத்து என்று அரசனே ஒப்புக்கொண்டான். அவள் உடைத்தாள், தெறித்த மணி அரசன் முகத்தருகே பாய்ந்தது. விடை 'இ'!

கண்ணகிக்குச் சிலம்பை உடைத்துக் காட்டவேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த வேலை இல்லை. "மாணிக்கம்தான் என்பதற்கு என்ன சாட்சி?" என்று தேர்வறையில் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள், விடையில் உள்ளதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாதம் தூள்தூளாகவும் வேண்டாம். 'அதே வேலைப்பாட்டுச் சிலம்புகள் நகரில் பல உண்டு' என்ற விடை மட்டும் இருந்திருந்தால் அதையே குறிக்கலாம். கோவலன் நிரபராதி என்று அது நிறுவாது, ஆனால் முடிவை ஆட்டிவிடும்.

இப்போது உங்கள் முறை. "தை மாதம் மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகை விலை எகிறியிருந்தது. தையில் முகூர்த்தங்கள் அதிகம். ஆகவே முகூர்த்தங்களே காரணம்." இதை மிக அதிகமாகப் பலவீனப்படுத்துவது எது?

அ. கனகாம்பரமும் விலை ஏறியது.
ஆ. கல்யாணமே நடக்காத மார்கழியிலும் மல்லிகை அதே விலைக்குத்தான் விற்றது.
இ. மல்லிகை பறிக்கும் கூலியை விவசாயிகள் உயர்த்திக் கொடுத்தார்கள்.

ஒன்றைக் குறித்துவிட்டு, மற்ற இரண்டையும் ஏன் தள்ளினீர்கள் என்று கீழே எழுதுங்கள். காரணம் எழுதாத விடையை நான் படிக்க மாட்டேன்.