கொட்டுக்குப் பின் எடுக்கும் ரத்தம்

(சேலத்தில் செவிலியர்கள், ஆய்வகப் பணியாளர்கள், ஏற்காட்டுத் தோட்ட மேற்பார்வையாளர்கள் முன் ஆற்றிய உரை)

வணக்கம். மலைத்தேனீயோ கதண்டோ கலைந்தால் என்ன நடக்கும் என்று சேர்வராயன் மலையில் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலருக்கு வீக்கம், சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. தடிப்பே இல்லாமல் நேராக மயங்கி விழுகிறாரே ஒருவர், அவரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அவருக்கு ஒவ்வாமையோடு ஒரு ரத்த நோயும் ஒளிந்திருக்கலாம்.

முதலில் உயிர். அட்ரினலின் ஆம்பூல் 1 மில்லியில் 1 மில்லிகிராம் இருக்கும். பெரியவருக்கு அதில் பாதி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 0.01 மில்லி, அரை மில்லிக்கு மேல் வேண்டாம். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று. ஏவில் என்ற அலர்ஜி ஊசியை மட்டும் போட்டுவிட்டு ஜீப்பை எடுப்பதுதான் வழக்கமான தவறு. ஏவில் அரிப்பையும் தடிப்பையும் தரும் ஹிஸ்டமினைத்தான் மறிக்கும். விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. ஆளை உட்காரவைத்து 20 கொண்டை ஊசி வளைவையும் இறக்காதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். திடீரென்று நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து அங்கேயே உயிர் போகலாம். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து வையுங்கள்.

சேலம் வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல் வெடிக்கும்போது ரத்தத்தில் கலக்கும் நொதி டிரிப்டேஸ். அதன் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க அதுவே நல்ல நேரம். கொட்டி ஒன்று, இரண்டு மணி நேரத்தில் டிரிப்டேஸ் உச்சத்தில் இருக்கும். முழுதும் தேறி 24 மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தம். அந்த இரண்டாவது அளவை 1.2-ஆல் பெருக்கி 2-ஐக் கூட்டுங்கள். முதல் அளவு அதை எட்டினால் மாஸ்ட் செல் வெடித்தது உறுதி. இயல்பு நிலை 5 என்றால் எல்லை 8. கொட்டிய அன்று 9 வந்திருந்தால், 11.4 வரை நார்மல் என்று அச்சடித்த அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது ரத்தத்தை எடுக்காததால் வரும் கோளாறு இது. தேறிய பிறகும் 20-க்கு மேல் நின்றால் மாஸ்டோசைட்டோசிஸைத் தேட வேண்டும்; மாஸ்ட் செல்கள் அளவுமீறிப் பெருகும் நோய் அது, முதலில் சொன்ன ஒளிந்திருக்கும் ரத்த நோய். தடிப்பின்றி மயங்கியவருக்கு அளவு குறைவாக இருந்தாலும் தேடலாம் என்பேன்.

மாஸ்ட் செல்லுக்கு 1878-இல் பெயர் வைத்த பவுல் எர்லிக், உள்ளே நிறைந்த மணிகளைப் பார்த்து அதைத் தின்று கொழுத்த செல் என்று நினைத்தார். அவை தீனி அல்ல, வெடிமருந்து. செல்லின் மேல் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருள் உட்கார்ந்திருக்கும். விஷப் புரதம் இரண்டு ஐஜிஇயைச் சேர்த்து இழுத்ததும் லின், அடுத்து சிக் என்ற நொதிகள் பாஸ்பேட்டை ஒட்டிச் செய்தியைக் கடத்தும், கால்சியம் உள்ளே பாயும், மணிகள் வெடிக்கும்.

இந்தச் செல் பிழைத்திருக்க வேறொரு விசை உண்டு, கிட் என்ற புரதம். அதன் 816-ஆம் இடத்தில் அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம் போய் வாலின் வந்தால், அணைக்க ஆளில்லாத மோட்டார் போல அது ஓடிக்கொண்டே இருக்கும். செல்கள் எலும்பு மஜ்ஜையில் பெருகும். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயின் போக்கையே மாற்றி 2001-இல் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப், சாதாரண கிட்டையும் அடக்கும். இந்த 816 மாற்றத்திடம் மட்டும் தோற்கும், ஏனென்றால் விசை அணைந்த வடிவில்தான் அந்த மருந்து பொருந்தும். அவாப்ரிட்டினிப், மிடோஸ்டாரின் என்ற மருந்துகள் பொருந்தும். ஆகவே மாற்றம் எது என்று தெரியாமல் மருந்தைத் தொடக் கூடாது.

கடைசியாகக் குழாய். ரத்தம் உறையாமல் தடுக்க ஈடிடிஏ, ஹெப்பாரின் என இரண்டு பொருள்கள் உண்டு. கிட் மரபணுவுக்கு ஊதா மூடி ஈடிடிஏ குழாய். ஹெப்பாரின் கலந்தால் மரபணுவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் தடைபடும். மாஸ்ட் செல்லைப் போலவே வெடிக்கும் ரத்த வெள்ளணு பேசோபில். அதைத் தூண்டிப் பார்க்கும் சோதனைக்கு நேர்மாறு: பச்சை மூடி ஹெப்பாரின் குழாயே நல்லது. ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் செல் வெடிக்காது, ஒவ்வாமையே இல்லை என்று பொய் சொல்லும். அந்த ரத்தத்தை ஃப்ரீசரில் வைக்காமல் ஒரே நாளுக்குள் சோதனையை ஓட்டிவிட வேண்டும். டிரிப்டேஸ் அப்படியல்ல, பிரித்த சீரம் ஃப்ரிட்ஜில் சில நாள் தாங்கும். சீட்டில் பெயர், வயதோடு கொட்டிய நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். அவை இல்லாவிட்டால் 9 என்ற எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.