புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் வீச ஆரம்பித்துவிட்டது. வீட்டில் பிள்ளைகள் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டிருப்பார்கள். கையோடு ஒரு கால அட்டவணையும் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். காலை ஐந்து மணிக்குக் கணக்கு, ஆறு மணிக்கு அறிவியல், இரவு பத்து வரை ஆங்கிலம். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த அட்டவணை இரண்டாவது வாரத்தைத் தாண்டி நான் பார்த்தது அபூர்வம். பிள்ளை மேல் குற்றமில்லை. ஒரே நாளில் வேறு ஆளாக மாறு என்கிறது அந்தத் தாள். பெரியவர்களாலேயே அது ஆகாது.

அதனால் இன்று ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தாள். ஒருநாள் பொழுதோட அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, அறிவியல் பாடத்தை அந்தப் பிள்ளை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது தடவையாம். "புத்தகத்தை மூடு அம்மிணி, இப்ப என்ன படிச்சே, எனக்குச் சொல்லு" என்றேன். இரண்டு வரி வந்தது. அப்புறம் கண் கலங்கிவிட்டது. "படிச்சனுங்க சார், மறந்து போச்சுங்க."

பத்துத் தடவை படி, மனதில் நிற்கும் என்று வகுப்பில் ஓயாமல் சொன்னவன் நான்தான். அன்றைக்கு அது எனக்கு உறைத்தது. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். கண்ணுக்குப் பழகியதை, தெரிந்துவிட்டது என்று மனது நம்பிவிடும். தேர்வுத் தாளைப் பார்த்த பிறகுதான் உண்மை தெரியும்.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பத்தியை மறுபடியும் படித்தார்கள். மற்றவர்கள் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, மாதக்கணக்கில் கழித்துத்தான் வருகிறது.

நமக்கு இது புதுச் செய்தியும் இல்லை. நன்னூல் தந்த பவணந்தி முனிவர் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று நம் பகுதியில் சொல்வார்கள். பாடம் பயில்வது எப்படி என்று அந்த இலக்கண நூலில் ஒரு சூத்திரமே இருக்கிறது. அதில் 'கேட்டவை நினைத்தல்' என்று ஒன்று. 'வினாதல், வினாயவை விடுத்தல்' என்று இன்னும் இரண்டு. கேட்டதை நினைத்துப் பார், கேள்வி கேள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல். மூன்றுக்குமே புத்தகம் திறந்திருக்க வேண்டியதில்லை, பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். மாலையில் காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் பிள்ளை ஒரு நோட்டோடு உட்காரட்டும். மணி பார்க்க வேண்டாம், டம்ளரைக் கவிழ்த்ததுதான் கணக்கு. அன்று வகுப்பில் நடந்ததைப் புத்தகம் பார்க்காமல் எழுத வேண்டும். அரைப் பக்கம் வந்தாலும் சரி. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். அதே பாடத்தைச் சனிக்கிழமை இன்னொரு தடவை. முதல் மாதத்துக்கு இருபது நிமிடம் போதும்.

பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும் அம்மாமார், "எனக்கு என்ன தெரியும், நான் எப்படிச் சொல்லிக்கொடுக்க" என்பார்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம் தாயி. கீரை ஆய்ந்துகொண்டே, "இன்னைக்கு என்ன கண்ணு நடத்துனாங்க?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்றே சொல்லுங்கள், இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்க்கட்டும்.

தூக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 13 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். படித்தது மனதில் படிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரவு செல்போன் பெரியவர்கள் அறையிலேயே இருக்கட்டும்.

சந்தேகத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளக் கூடாது என்பதை அந்தப் பெண்ணின் அப்பாதான் எனக்குச் சொன்னார். "இழை அறுந்தா அப்பவே தறிய நிறுத்தி முடிச்சுப் போட்டரோணும்ங்க. பொறவு பாத்துக்கலாம்னு ஓட்டுனா, துணி நெடுக கோடு விழுந்துரும்ங்க."

இரண்டு மாதம் கழித்து அவரே என்னைத் தேடி வந்தார். "முந்தியெல்லாம் புள்ள படிக்கிற சத்தம் தறிய மீறிக் கேக்கும். இப்ப நோட்ட வெச்சுட்டு விட்டத்தப் பாத்துட்டு உக்காந்திருக்குதுங்க. படிக்குதுங்களா சார்?" என்று கவலையாகக் கேட்டார். அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தேன். ஐந்தாவது வரை படித்தவர். பாடம் அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். முதல் பக்கங்களில் சிவப்பு மைதான் அதிகம். போகப் போகச் சிவப்பு குறைந்து, கடைசிப் பக்கத்தில் மூன்றே வரி. அந்த மூன்று வரி மேலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நோட்டை மகளிடம் கொடுத்தார்.

வணக்கமுங்க.