ஒரு பொருளுக்கு ஒரு தலைப்பு

விழாத் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய பேராசிரியப் பெருமக்களே, விடியற்காலையிலேயே பேருந்து ஏறி வந்திருக்கும் கிளை நூலகர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்குத் தனியாக என் நன்றி.

மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். நூலகப் பட்டியலில் தேடல் ஏன் தோற்கிறது, ஒரு பொருளின் பல பெயர்களையும் ஒரே தலைப்போடு இணைக்கும் சொற்றொகுதியான தெசாரஸைக் கணினியைக் கொண்டு கட்டுவது எப்படி, அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும்.

அண்மையில் ஒரு நூலகத்தில் பெரியவர் ஒருவர் ‘சர்க்கரை நோய்’ என்று தட்டினார். ஒன்றுமே வரவில்லை. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த அலமாரியிலேயே நூல்கள் இருந்தன; பட்டியலில் ‘நீரிழிவு’ என்று ஏறியிருந்தன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960இலேயே ‘மெஷ்’ என்ற மருத்துவப் பொருள் தலைப்புகளின் தொகுதியை வெளியிட்டது. இன்று அந்நூலகத்தின் இணையத் தேடுதளமான பப்மெட்டில் ‘ஹார்ட் அட்டாக்’ என்று தேடினால், அதன் மருத்துவப் பெயரான ‘மையோகார்டியல் இன்ஃபார்க்ஷன்’ தலைப்பில் உள்ளவையும் வந்து நிற்கின்றன.

நமக்கு இதில் முன்னோடி இல்லையா? சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் இருக்கிறாரே! கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடைக்குள் நுழைகிறார். விற்பனையாளர் ஒரு மெக்கானோ பெட்டியை வைத்து வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கிறார். சில பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். பூட்டினால் ஒரு பொம்மை. கழற்றுகிறார், மாற்றிப் பூட்டுகிறார், வேறொரு பொம்மை! துண்டுகள் அதேதான், கூட்டுவதுதான் வேறு. கூட்டத்தில் எத்தனையோ பேர் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். நம்மவருக்கோ நூலின் பொருளையும் இப்படிக் கூறு கூறாக்கிப் பூட்டலாமே என்று பட்டது. அப்படி நூல்களை வகைப்படுத்தும் அவருடைய கோலன் பகுப்புமுறை 1933இல் அச்சேறியது.

அவர் 1962இல் பெங்களூரில் தொடங்கிய ஆவணமாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையமான டி.ஆர்.டி.சி.யில், பின்னாளில் எஃப். ஜே. தேவதாசன் போன்றோர் தெசாரஸ் கட்டும் வேலையைக் கணினியிடம் கொடுத்தார்கள். நூலகர் எழுதுவது ஒரு சரம்: மருத்துவம், நாளமில்லாச் சுரப்பி நோய், நீரிழிவு. பக்கத்திலேயே சர்க்கரை நோய், மதுமேகம் என்ற மாற்றுப்பெயர்கள், உரிய குறியோடு. மேற்சொல் எது, கீழ்ச்சொல் எது, எதற்குப் பதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் நிரலே பிரித்து அகரவரிசையில் அடுக்கித் தந்துவிடும். எந்தச் சொல்லைத் தலைப்பாக்குவது என்று தீர்மானிப்பது மட்டும் நம் பொறுப்பு.

தமிழில் அந்தச் சரங்களுக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். கிளை நூலகர்களே, ஆண்டுக்கணக்காக நீங்கள் பதிந்துவைத்த பொருள் தலைப்புகள் வேறென்ன? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? விலைக்கு வாங்கிப் பூட்டிவைக்கும் தொகுதி நமக்கு வேண்டாம். யூனிகோடில், யாரும் எடுத்தாளும் பொதுச் சொத்தாகத் தமிழ்த் தெசாரஸ் வர வேண்டும். அது வரும்வரை நான் ஏறும் மேடையிலெல்லாம் இதைத்தான் கேட்பேன். ஒவ்வொரு கிளையும் தன் தலைப்புப் பட்டியலை ஒரே கோப்பாக மாவட்ட நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானத்தை, அலுவலர் அவர்கள் மேடையில் இருக்கும்போதே முன்மொழிகிறேன். வழிமொழிபவர்கள் கை உயர்த்துங்கள்.