விசில் கேக்காத மைதானம்

[காட்சி: பேட்மின்டன் இரட்டையர் ஆட்டம். ஒலி இல்லை.]

வால்யூமைக் கூட்ட வேண்டாம். சத்தத்தை நான்தான் எடுத்துட்டேன்.

ஷட்டில் ஜோடி ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து விழுதுன்னு வெச்சுக்கோங்க. ஒருத்தர் "எனக்கு"ன்னு கத்துவார், இல்ல "விடு"ன்னு கத்துவார். கத்தினாலும் கேக்காதுன்னா? பின்னாடி நிக்கிறவரோட காலடிச் சத்தம்கூட இல்லாம, அவர் எங்க இருப்பார்னு கணிச்சு ஆடணும். மதுரைப் பொண்ணு ஜெர்லின் அனிகா 2022 மே மாசம் பிரேசில்ல அப்படி ஆடித்தான் 3 தங்கம் ஜெயிச்சாங்க. ஒற்றையர், கலப்பு இரட்டையர், அணிப் போட்டி. அது டெஃப்லிம்பிக்ஸ், காது கேளாதவங்களுக்கான உலக விளையாட்டுப் போட்டி. அந்தத் தடவை இந்தியா எடுத்த தங்கமே மொத்தம் 8.

"பாராலிம்பிக்ஸ்தானே?"ன்னு கேப்பீங்க. இல்ல, இது தனி. 1960-ல ரோம்ல தொடங்கின பாராலிம்பிக்ஸுக்கு இது 36 வருஷம் மூத்த அக்கா. நல்லா கேக்கற காதுலயே குறைஞ்சது 55 டெசிபல் இழப்பு இருந்தாத்தான் சேர்த்துக்குவாங்க. காது மெஷினைக் கழட்டி வெச்சுட்டுத்தான் களத்துல இறங்கணும்.

[திரையில்: மிலான், 1880]

காது கேளாத பிள்ளைங்களுக்கு எப்படிப் பாடம் நடத்தலாம்னு மிலான்ல ஒரு மாநாடு கூடுச்சு. 164 பிரதிநிதிகள். அதுல காது கேளாதவர் ஒரே ஒருத்தர். பொண்ணைக் கேக்காம நிச்சயம் பண்ற மாதிரி, சைகை மொழி வேண்டாம், உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்கினா போதும்னு தீர்மானம் போட்டாங்க. ஐரோப்பாவுல பல பள்ளிக்கூடங்கள்ல, பேச எழுந்த கைக்கு அடி விழுந்துச்சு. காது கேளாத ஆசிரியர்களுக்கு வேலை போச்சு.

வகுப்புக்குள்ள மூடின கை, வெளிய போய்ப் பேசுச்சு. கிளாஸ்கோவுல 1871-லயே காது கேளாதவங்க கால்பந்து அணி வெச்சிருந்தாங்க. பெர்லின்ல 1888-ல ஒரு விளையாட்டு கிளப் வந்துச்சு. பந்து ஒரு சாக்குன்னுதான் எனக்குத் தோணுது. வாரம் பூரா பட்டறையில பக்கத்து ஆளோட ஒரு வார்த்தை பேச முடியாதவன், ஞாயித்துக்கிழமை மைதானத்துல பேசித் தீர்ப்பான். டெலிபோன் வந்தும் இவங்களுக்கு என்ன லாபம்? வேலை விசாரிக்க, பொண்ணு பார்க்க, யார் செத்தாங்கன்னு தெரிஞ்சுக்க, நேர்ல வந்தாத்தான் உண்டு.

அமெரிக்காவுல இன்னொரு கூத்து. வாஷிங்டன்ல கேலடெட், காது கேளாதவங்களுக்கான கல்லூரி. 1890-கள்ல அவங்க ஃபுட்பால் கேப்டன் பால் ஹப்பர்டுக்கு ஒரு தலைவலி. எதிரணியும் காது கேளாதோர் பள்ளின்னா, இவர் கையால சொல்ற திட்டத்தை அவங்களும் படிச்சிடறாங்க! அதனால ஆளுங்களை வட்டமா நெருக்கி நிறுத்தி, நடுவுல கையை மறைச்சு சைகை காட்டினார். அமெரிக்க ஃபுட்பால்ல இன்னிக்கும் இருக்கற 'ஹடில்' அங்கதான் பொறந்துச்சுன்னு சொல்றாங்க.

[காட்சி: பெர்ஷிங் ஸ்டேடியத்தின் பழைய புகைப்படம்]

இப்ப பாரிஸ், 1924. ஒலிம்பிக்ஸ் முடிஞ்சு ரெண்டே வாரம். யூஜேன் ரூபென்ஸ் அல்கேன்னு ஒரு மெக்கானிக், சைக்கிள் பைத்தியம், காது கேளாதவர். ஊர் ஊரா இருந்த கிளப்களை ஒண்ணு சேர்த்து, ஆகஸ்ட் 10-ஆம் தேதி 'சர்வதேச மௌன விளையாட்டு'களைத் தொடங்கி வெச்சார். 9 நாடு, 148 பேர். ஒவ்வொரு நாட்டு சைகையும் வேற வேற. ஆனா கையால பேசிப் பழகினவங்களுக்குள்ள முகமும் உடம்பும் சேர்ந்து பாலம் போட்டுடும். போட்டியோடயே ஒரு சர்வதேச அமைப்பும் உருவாச்சு. அதை நடத்தினவங்களும் காது கேளாதவங்களேதான். 'டெஃப்லிம்பிக்ஸ்'ங்கற பேர் 2001-லதான் வந்துச்சு.

துப்பாக்கிச் சத்தம் கேக்காம ஓட்டப் பந்தயம் எப்படி? இப்பல்லாம் ஓடுறவர் கண்ணுக்கு எதிரே, தரையில ஒரு சின்ன விளக்கு. சிவப்புக்குக் குனியணும், மஞ்சளுக்குத் தயாராகணும், பச்சைக்குப் பாயணும். கால்பந்துல நடுவர் விசிலுக்குப் பதிலா கொடியை ஆட்டுவார். (இந்த வீடியோவுக்கும் வசன வரி போட்டிருக்கேன். போடாம இதைப் பேசினா நானும் அந்த மிலான் கூட்டத்துல ஒரு ஆள்தான்.)

மிலான் தீர்மானம் என்னாச்சு? 2010-ல வான்கூவர்ல கூடின அதே கல்வி மாநாடு, 130 வருஷம் கழிச்சு வருத்தம் தெரிவிச்சுது. அதுக்கு முந்தின வருஷம் தைபேல கோடைக்கால டெஃப்லிம்பிக்ஸ் 21-ஆவது தடவையா நடந்து முடிஞ்சிருந்துச்சு.