முதலில் கூரை, பிறகு ஏசி

வன்னி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சித்திரை பிறந்தால் எங்கள் வீடுகளுக்கு இப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வரும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற பிள்ளை, "அம்மா, வெக்கையில கிடந்து கஷ்டப்படாதேங்கோ, காசு அனுப்புறன், ஒரு ஏசி பூட்டுங்கோ" என்று சொல்லும். அது பிள்ளை பனியில் நின்று உழைத்த காசு. அதை எதில் போடுவது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

அந்தப் பிள்ளைகள் இருக்கிற ஊர்களிலும் பழைய வீட்டுக்காரருக்கு இதே யோசனைதான், ஆனால் குளிருக்காக. லண்டனில் வீட்டைச் சூடாக்குகிற எரிவாயு பொய்லர் பழுதாகிவிட்டால், புதிய பொய்லரா, ஹீட் பம்பா என்று பார்ப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அதற்கு முன்னரே கூரைக்குள் ஏறிப் பார்ப்பார்கள். சீலிங்கின் மேல் 27 சென்ரிமீற்றர் தடிப்புக்குக் கம்பளம் போன்ற வெப்பத்தடுப்பு விரித்திருக்கிறதா, யன்னல் இடுக்கால் காற்றுப் போகிறதா என்று பார்த்து, திருத்த வேண்டியதைத் திருத்திய பிறகுதான் இயந்திரத்தின் அளவைத் தீர்மானிப்பார்கள். ஹீட் பம்பும் ஏசியும் செய்வது ஒரே வேலை. ஓரிடத்து வெப்பத்தை எடுத்து இன்னோரிடத்தில் விடுவது. அங்கே வெப்பம் வெளியே போகக் கூடாது, இங்கே உள்ளே வரக் கூடாது.

எங்கள் வீடுகளுக்குள் அது பெரும்பாலும் கூரையால்தான் வருகிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் எங்கள் தலைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. இடையிலுள்ள மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து வருகிற வறண்ட வெக்கைக் காற்று, வீசுவதும் அந்த மாதங்களில்தான். கூரைக்கு அடுத்தது மேற்குச் சுவர். இரவு எட்டு மணிக்கு அந்தச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். இன்னும் சுட்டால், நீங்கள் படுத்த பிறகும் அது அறைக்குள் வெக்கையை விட்டுக்கொண்டேயிருக்கும்.

மீள்குடியேறிய பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் உதவியோடு கட்டிய 550 சதுர அடி வீடுகள் இங்கே நிறைய. அவற்றிலும் அதற்கு முந்திய ஓட்டு வீடுகளிலும் சீலிங் அடிக்காத அறைகள் எத்தனையோ. அப்படியான அறையில் ஏசி பூட்டினால், அது முகட்டு உயரம் முழுவதையும் குளிராக்கப் பார்க்கும். ஓட்டு இடுக்கால் வெக்கைக் காற்று வந்துகொண்டேயிருக்கும். கொம்பிரசருக்கு ஓய்வே இல்லை. ஆகவே படுக்கிற அறைக்காவது முதலில் சீலிங் அடியுங்கள். அதன் மேல் மினுக்கமான அலுமினியத் தாள் பிடித்த வெப்பத்தடுப்பை விரித்து, ஓட்டுக்கும் அதற்கும் இடையில் காற்று ஓட இடம் விடுங்கள். மினுக்கம் வேலை செய்வது அந்த இடைவெளியால்தான். மேற்குச் சுவருக்கு ஒரு தாழ்வாரம் இறக்கலாம், அல்லது கிடுகுத் தட்டி கட்டலாம். தள்ளி ஒரு வேம்பு நட்டால் இன்னும் நல்லது, நிழல் தர அது சில வருடம் எடுக்கும் என்றாலும்.

குரங்குத் தொல்லையால் ஓட்டை இறக்கிவிட்டுத் தகரம் போட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மாதத்துக்கு ஒருதரம் ஓடு மாற்ற யாரால் முடியும்? ஆனால் தகரமென்றால் வெளிர் நிறத்தில் எடுங்கள், கீழே வெப்பத்தடுப்பு இல்லாமல் போடவே வேண்டாம்.

அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீட்டுக்காரர் இதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடங்களுக்குப் பிறகும் புற்றுநோய் வரலாம். வெடிப்பில்லாத சீற்றைச் சுரண்டாமல், வெட்டாமல், துளைபோடாமல் அப்படியே விடுங்கள். கழற்றத்தான் வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு, உடையாமல் முழுதாக இறக்க வேண்டும். துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்திலோ ஒழுங்கைப் பள்ளத்திலோ தயவுசெய்து கொட்ட வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகு பலருக்கு மின்விசிறியே போதும். சாதாரண சீலிங் ஃபான் 75 வாட்ஸ் அளவில் எடுக்கும், இரவு பத்து மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 22 அலகு மட்டில். புதிய பிஎல்டிசி வகைக்கு அதில் பாதியும் தேவையில்லை. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஏசி உண்மையாகவே தேவைப்படலாம். ஏசி எவ்வளவு குளிராக்கும் என்பதைப் பிரியு (BTU) என்ற அளவில் சொல்வார்கள். பத்தடிக்குப் பத்தடி அறைக்கு 9,000 பிரியு இன்வேட்டர் ஏசி தாராளம், 18,000 வேண்டாம். மின் கட்டணம் படிப்படியாக ஏறுகிற கட்டணம் என்பதையும் மறக்க வேண்டாம். மாதம் 60 அலகைத் தாண்டினாலே முதல் அலகிலிருந்து கணக்கு மாறும். தண்ணீர் ஊற்றுகிற எயார் கூலர் கச்சான் காலத்தில் யன்னலைத் திறந்து வைத்தால் உதவும், மாரியில் அறையை ஈரமாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. மாலையில் மின்சாரம் தாழ்ந்து வருகிற இடமென்றால் ஏசிக்கு ஒரு ஸ்டெபிலைசர் கட்டாயம் தேவை.

வேலை தொடங்குகிற காலமும் முக்கியம். மாரி மழை ஓயாமல் கூரையைத் திறக்க முடியாது. மழை விட்டதும் பெரும்போக அறுவடை வந்துவிடும், கூலிக்கு ஆள் கிடைக்காது. ஆகவே மேசனோடும் தச்சரோடும் மார்கழியிலேயே கதைத்து நாள் குறித்து வையுங்கள். பங்குனி முடிவதற்குள் சீலிங் ஏறிவிட வேண்டும். பிள்ளை அடுத்த முறை எடுக்கும்போது, காசு முதலில் சீலிங்குக்குப் போகிறது என்று சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.